பண்பாடு வேறு, அடையாளம் வேறு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஓர் எளிய விளக்கம்

“களியை விட்டுட்டு எல்லாரும் பரோட்டாவுக்குப் போயாச்சு, நம்ம பண்பாடே போச்சு” என்பார் ஒருவர். “ஓசூர்ப் பக்கம் வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசுறாங்க, அவங்க எப்படித் தமிழர்?” என்பார் இன்னொருவர். “இது எங்க சாதி வழக்கம், இதுல வெளியாளுக்கு என்ன வேலை?” என்று குரலை உயர்த்துவார் பக்கத்தில் இருப்பவர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்த டீக்கடையிலும் இந்தப் பேச்சுகள் காதில் விழும்.

முதலாமவர் பேசுவது பழக்கம் மாறுவதைப் பற்றி. இரண்டாமவர் கேட்பது யாரை உள்ளே சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்று. அடுத்தவருக்கோ முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் பிரச்சினை. இந்த எல்லாவற்றையும் ‘கலாச்சாரம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால் வாதம் எங்கும் போய்ச் சேருவதில்லை. அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பண்பாடு என்பது கற்றுக்கொண்டது

களியிலிருந்தே தொடங்கலாம். கொதிக்கிற தண்ணீரில், பல வீடுகளில் நொய் வெந்த கஞ்சியில், ராகி மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, ஈரக்கையால் உருண்டை பிடிப்பார்கள். இதுவரை சமையல் குறிப்பு, எழுதிவைத்துப் படித்துக்கொள்ளலாம். சாப்பிடுகிற விதம்தான் சங்கதி. கொஞ்சம் கிள்ளி எடுத்து, அவரைக்கொட்டைக் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். டெல்டா பக்கத்திலிருந்து பெண் எடுக்க வந்த மாப்பிள்ளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தால் பந்தியே திரும்பிப் பார்க்கும்.

அந்தப் பந்தியில் இருப்பவர்களை யாரும் உட்காரவைத்து “மெல்லாதே, விழுங்கு” என்று பாடம் நடத்தவில்லை. பார்த்தார்கள், செய்தார்கள், பழகிவிட்டது. ஒரு குழு இப்படிப் பார்த்தும் கேட்டும் பழகியும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொள்ளும் அத்தனையும் சேர்ந்ததுதான் பண்பாடு. சமையல், பேச்சு, சாமி, மரியாதை கொடுக்கும் விதம், எதற்குச் சிரிக்கலாம், எதற்கு வெட்கப்பட வேண்டும் என்பது வரை எல்லாம் இதில் அடக்கம். 1871-இல் ஆங்கிலேய மானுடவியலாளர் எட்வர்ட் டைலர் தந்த விளக்கமும் ஏறக்குறைய இதேதான்: சமூகத்தின் உறுப்பினராக இருந்து ஒரு மனிதன் பெற்றுக்கொண்டவை. ‘பெற்றுக்கொண்டவை’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் வருவது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பாலக்கோட்டில் பிறந்த குழந்தையைப் பிறந்த வாரமே பாட்னாவுக்குக் கொண்டுபோய் வளர்த்தால் அது களியைக் கண்டு முழிக்கும்.

கற்றுக்கொண்டது என்றால் மாறக்கூடியது என்றும் அர்த்தம். ரேஷன் அரிசி வந்ததும் களி பின்வாங்கியது. ‘களி தின்கிற ஊர்’ என்ற கேலிக்கும் அதில் பங்கு உண்டு. இப்போது சர்க்கரை நோய்க்குப் பயந்து டாக்டர் சொல்லி அதே களி நகரத்து வீடுகளுக்கு வருகிறது. 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு சோதனை முயற்சியாக எடுத்தபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் நீலகிரியும் தர்மபுரியும்.

வெளியிலிருந்து வந்ததும் நம்முடையதாகிவிடும். திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்கில் பாரதக் கூத்து நடத்தி, கடைசியில் திடலில் மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துகிறார்களே, அந்தக் கதை கங்கைச் சமவெளியிலிருந்து வந்தது. ஆனால் இங்கே பீமன் தொடையில் அடிக்கும்போது கூட்டம் போடும் கூச்சலைக் கேட்டவர்கள், அதை ‘வடநாட்டுச் சரக்கு’ என்று சொல்லமாட்டார்கள்.

அடையாளம் என்பது வரப்பு

சரி, அடையாளம் என்றால்? ‘நான் யார், நாங்கள் யார், நீங்கள் யார்’ என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலும், நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் பதிலும் சேர்ந்தது அடையாளம். பண்பாடு நாம் செய்வது. அடையாளம், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது.

வயலையும் வரப்பையும் நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். இரண்டு பங்காளிகளின் நிலம் அடுத்தடுத்து இருக்கிறது. இந்தப் பக்கமும் செம்மண், அந்தப் பக்கமும் செம்மண். இங்கேயும் ராகி, அங்கேயும் ராகி. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல. அந்த வயலின் மண்ணையே அள்ளிப் போட்டதுதான். மழையில் கரையும், வருஷா வருஷம் மண் அணைக்க வேண்டும், விட்டால் மறைந்துவிடும். தகராறு வந்தால் வருவதும் வரப்பில்தான்.

1969-இல் நார்வே நாட்டு மானுடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் சொன்னதன் சாரம் இதுதான். அதுவரை, இரண்டு குழுக்களின் பண்பாடு வேறாக இருப்பதால்தான் அவை இரண்டு குழுக்களாக இருக்கின்றன என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். பார்த் அதைத் திருப்பிப் போட்டார். முதலில் கவனிக்க வேண்டியது எல்லையை. அதற்குள் கிடக்கும் பண்பாட்டுச் சாமான்களை அப்புறம் பார்க்கலாம். எல்லை என்று அவர் சொன்னது ‘நாம்’, ‘அவர்கள்’ என்று பிரிக்கும் கோட்டை. பழக்கவழக்கம் முழுக்க மாறிய பின்னும் கோடு நிற்கலாம். கோட்டைத் தாண்டி ஆட்கள் போய்வந்துகொண்டே இருந்தாலும் கோடு நிற்கலாம்.

கோடு போட எல்லாப் பழக்கமும் பயன்படுவதில்லை. சிலதை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். அப்படிப் பொறுக்கி எடுத்தவற்றை அடையாளக் குறி என்று சொல்லலாம். எது குறியாகும் என்பது எதிரில் நிற்பவரைப் பொறுத்தது. சென்னை ஹாஸ்டலில் தர்மபுரிப் பையனைக் காட்டிக்கொடுப்பது களி. அதே பையன் பெங்களூரு தாண்டி மாண்டியா போனால் களியை வைத்து ஒரு பெருமையும் பேச முடியாது. அவர்கள் அதையே ‘முத்தெ’ என்று உருட்டி, இதே மாதிரி மெல்லாமல் விழுங்குகிறார்கள். அங்கே அவனைப் பிரித்துக் காட்டுவது மொழி. பழக்கம் அதேதான், இடம் மாறியதும் குறி மாறிவிட்டது.

பழங்காலத்தையும் இப்படித்தான் பொறுக்குகிறோம். தர்மபுரிக்காரர்கள் தங்கள் ஊரைத் ‘தகடூர்’ என்று சொல்லிக்கொள்ள விரும்புவார்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் என்பது காரணம். ஆனால் இதே நிலத்துக்குப் ‘பாரமகால்’ என்றும் பெயர் இருந்தது. திப்பு சுல்தான் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தது அந்தப் பெயரில்தான். விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்குப் பேர்போன ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ வரிவசூல் வேலை பழகியதும் பாரமகாலில்தான். இரண்டும் நடந்த வரலாறு, இரண்டும் இதே மண். ஆனாலும் பெயர்ப்பலகைக்கு ஏறியது தகடூர். எது நம்மைப் பெருமையாகக் காட்டுகிறதோ அதைத்தானே எடுத்துவைப்போம்!

இதுவரை பார்த்தது: பண்பாடு என்பது கற்றுக்கொண்ட பழக்கங்களின் தொகுப்பு. அடையாளம் என்பது அதிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து, எதிரில் இருப்பவரைப் பார்த்துப் போடும் கோடு.

கோடு போட எவ்வளவு காரணம் வேண்டும்?

ரொம்பக் கொஞ்சம் போதும். ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்த சோதனை 1970-இல் வெளிவந்தது. பையன்களுக்குச் சில ஓவியங்களைக் காட்டி, “உனக்கு க்ளேயின் படம் பிடிக்கிறது, நீ இந்தக் குழு, உனக்குக் காண்டின்ஸ்கி, நீ அந்தக் குழு” என்று சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதே பையன்களுக்குத் தெரியாது. அப்புறம், மற்றப் பையன்களுக்குச் சிறு தொகையைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது.

பையன்கள் தங்கள் குழுவுக்குச் சாதகமாகவே பங்கிட்டார்கள். அதைவிட ஆச்சரியம், தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்பதுபோலப் பலர் நடந்துகொண்டார்கள். நூற்றாண்டுப் பகை இல்லை, மொழி வேறு இல்லை, நிலத் தகராறு இல்லை. குழுவுக்கு ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

இதை வைத்து ‘மனுஷ புத்தியே இப்படித்தான்’ என்று கையை விரித்துவிடக் கூடாது. சோதனை அறையில் போட்ட கோடு மாலைக்குள் அழிந்துவிடும். ஊரில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நிலம், கூலி, அதிகாரம் எல்லாம் நிற்கின்றன.

பண்பாடு ஒன்றாக இருந்தும் கோடு கடினமாக இருந்தால்

அதற்கு நம் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. தூண்டுதலாக அமைந்தது சாதி மாறி நடந்த ஒரு திருமணம்.

எரித்தவர்களுக்கும் எரிக்கப்பட்டவர்களுக்கும் இடையில் பண்பாட்டு வேறுபாடு என்று பட்டியல் போட உட்கார்ந்தால் பேனா நகராது. ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, ஒரே கொல்லைமேட்டு விவசாயம், அம்மன் கோயிலும் கூத்தும் இரண்டு பக்கமும் உண்டு. வித்தியாசம் உணவிலும் பேச்சிலும் இருந்திருந்தால் கலந்து பழகப் பழகக் கரைந்துபோயிருக்கும். கோடு வேறு ஓர் இடத்தில் காவல் காக்கப்படுகிறது: யார் யாரைக் கட்டுவது என்பதில்.

தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற விதிக்கு அகமணம் என்று பெயர். 1916-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அம்பேத்கர் வாசித்த ஆய்வுரையின் மையக் கருத்து இதுதான்: சாதியைச் சாதியாக வைத்திருப்பது அகமணம். உணவு விலக்கும் சடங்கும் மற்றதும் அதைச் சுற்றி வளர்ந்தவை. பார்த்தின் எல்லைக் கோட்பாட்டுக்கு ஐம்பது வருஷத்துக்கும் முன்பே, கோடு எங்கே காக்கப்படுகிறது என்று ஒருவர் துல்லியமாகக் காட்டியிருக்கிறார். சாதிமறுப்புத் திருமணத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

‘எங்கள் வழக்கம்’ என்ற வாதத்தையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். பெண் குழந்தை வேண்டாம் என்பதுகூட இந்த வட்டாரத்தின் சில குடும்பங்களில் ஒரு காலத்தில் பழக்கமாகவே இருந்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது அதனால்தான். பண்பாடு என்று நிரூபித்துவிட்டால் அது நல்லது என்றும் நிரூபித்ததாக ஆகிவிடாது. நல்லதா கெட்டதா என்பதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

கோட்டை யார் போடுகிறார்கள்?

நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்று. வெளியிலிருந்து, குறிப்பாக அரசு, நம்மைக் கொண்டுபோய் ஒரு பிரிவில் வைப்பது இன்னொன்று. இரண்டாவதை வகைப்படுத்தல் என்கிறோம்.

அரூர் பக்கத்துச் சித்தேரி மலையிலும், தர்மபுரிக்கு அருகே வத்தல்மலையிலும் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் இருப்பவர்கள் மட்டும். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள், பட்டியல் எழுதிய காலத்தில் கோவை மாவட்டத்துக்காரர்கள். அதனால் பட்டியலில் இல்லை. தங்களுக்கும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

மலையில் அவர்கள் வாழும் முறையைப் பார்த்து எழுதப்பட்டதல்ல அந்த அடைப்புக்குறி. பழைய மாவட்ட எல்லை ஒரு மலையை இந்தப் பக்கம் வைத்தது, இன்னொன்றை அந்தப் பக்கம் வைத்தது. ஆனால் அதன் விளைவு நிஜம். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கல்லூரியில் பழங்குடி இடஒதுக்கீடு உண்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை. ‘அடையாளம் எல்லாம் கற்பனைதானே’ என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். மனிதர்கள் போட்ட கோடுதான். அதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

எருது விடும் விழாவும் இப்படி ஒரு கதை. கிருஷ்ணகிரிப் பக்கம் யாரும் வாடிவாசல் கட்டித் திமிலைத் தழுவுவதில்லை. வீதியில் காளைகளை ஓடவிடுவார்கள். சில ஊரில் கொம்பில் கட்டியிருப்பதைப் பறிப்பது விளையாட்டு. சில ஊரில் குறிப்பிட்ட தூரத்தை எத்தனை வினாடியில் கடந்தது என்று பார்த்துப் பரிசு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் கூட்டம் கூடியது. மதுரைப் பக்கத்து விளையாட்டு ஒன்று ‘தமிழர் அடையாளம்’ ஆனது அப்போதுதான். வாழ்நாளில் ஒரு வாடிவாசலைக்கூட நேரில் பார்க்காத நம்மூர்க்காரர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு கொண்டுவந்த தமிழகச் சட்டத் திருத்தம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாவற்றையும் ‘ஜல்லிக்கட்டு’ என்ற ஒரே பெயருக்குள் அடக்கியது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2014 தீர்ப்பு, இது தமிழர் பண்பாட்டின் பகுதி என்ற வாதத்தை ஏற்கவில்லை. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அது பண்பாட்டின் பகுதியா என்று முடிவுசெய்வது நீதிமன்றத்தின் வேலையல்ல, சட்டமன்றத்தின் முடிவை ஏற்கிறோம் என்றது. ஒன்பது வருஷத்தில் காளை ஓடும் விதம் மாறவில்லை. யார் சொன்னால் அது பண்பாடு என்பதுதான் மாறியது. டீக்கடையில் கடைசியாகப் பேசியவரின் சண்டையும் இதே இடத்தில்தான் நிற்கிறது.

ஓசூரின் கேள்வி

இனி, வீட்டில் தெலுங்கு பேசுபவர் எப்படித் தமிழர் என்ற கேள்விக்கு வரலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது இந்த மூலை தமிழகத்தில் நின்றது. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பெங்களூருவில் வேலைக்குப் போனால் இன்னொன்று என்று இங்கே மூன்று மொழிகளில் தடுமாற்றமில்லாமல் போய்வருபவர்கள் ஏராளம். யுகாதிக்கு ஒப்பட்டு, பொங்கலுக்குப் பொங்கல், இரண்டுக்கும் விடுப்பு.

வரப்பு ஒன்றுதான் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு கேட்பதால் அந்தக் கேள்வி சிக்கலாகத் தெரிகிறது. ஒருவர் பெங்களூருவில் தமிழ்நாட்டுக்காரர், சென்னையில் ஓசூர்க்காரர், ஓசூரில் தெலுங்குக்காரர், சொந்த ஊரில் இன்ன தெருக்காரர். நாலும் ஒரே ஆள், நாலும் உண்மை. இதில் எதை முன்னால் வைக்கிறார் என்பது கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. ஓட்டுக் கேட்டு வருபவருக்கு ஒரு பதில், வாடகைக்கு வீடு கொடுப்பவருக்கு ஒரு பதில் என்பது நாம் எல்லோரும் செய்வதுதான். பதிலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மொழியைச் சொல்லாமல் இருந்துவிடலாம்; சாதியைச் சொல்லாமல் வாடகை வீடு பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் இந்த நெகிழ்ச்சிக்கு இடம் குறைவு. தாய்மொழி என்ற கட்டத்தில் ஒரே ஒரு மொழியைத்தான் பதிய முடியும். தெரிந்த பிற மொழிகள் என்று இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கும் என்றும், அதில் சாதியும் கேட்கப்படும் என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. தளி பக்கத்து வீடு ஒன்றில் பாட்டி தன் தாய்மொழி கன்னடம் என்பார். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் பேரன் தமிழ் என்று சொல்லக்கூடும். கணக்கெடுக்க வரும் ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், வாதாடக் கூடாது. அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டில் பேசும் மொழி ஒரு வார்த்தைகூட மாறியிருக்காது. மாவட்டக் கணக்கில் மட்டும் கன்னடத்தில் ஒன்று குறைந்து தமிழில் ஒன்று கூடியிருக்கும்.